கசாதாவுக்கு ஒரு சேவல்

அன்பு மகள் வார்த்தினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, குதிரை, இந்தப் போகத்து உருளைக்கிழங்கு எல்லாரும் சுகம். ஹாங்காங்கில் நீ சுகமா, வயிறாரச் சாப்பிடுகிறாயா, ஞாயிற்றுக்கிழமை லீவை ஒழுங்காகத் தருகிறார்களா என்று ஒன்று விடாமல் எழுது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. புது வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் லீவு கொடுத்திருக்கிறார்கள், கசாதா பௌர்ணமித் திருவிழாவுக்கு ஊருக்கு வரலாமா என்று யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நான் அதை வருகிறேன் என்றே படித்துவிட்டேன். உன் அப்பா, யோசிக்கிறேன்னுதானேடி எழுதியிருக்கா என்றார். வர மனசில்லாதவ எதுக்கு லீவு கேக்கப்போறா என்று அவர் வாயை அடைத்துவிட்டு அன்றைக்கே திட்டம் போட உட்கார்ந்துவிட்டேன். அதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, நேற்று காபியில் உப்பைப் போட்டு நானே குடித்தும் விட்டேன், குடித்து முடித்தபிறகுதான் தெரிந்தது. திட்டம் இதுதான். நீ வந்து இறங்கி ஒரு நாள் முழுக்கத் தூங்கு. மறுநாள் விடிந்து வெயில் ஏறியதும் மூன்று பேரும் புரோமோ எரிமலைக்குப் போகிறோம். மணல்வெளியை நீ குதிரைமேல் கடக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. இருபது வருஷமாக ஊரான் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றி இறக்கின குதிரைல எம்மவ ஒரு தடவ உக்காரட்டும் என்கிறார். குதிரைக்குப் புது மணி வாங்கிக் கட்டியாயிற்று, அது தலையை ஆட்டி ஆட்டித் தெருவையே எழுப்புகிறது. மலைப் பூங்கா வாசலில் டிக்கெட் கொடுப்பவர்கள் கசாதா அன்று நம் ஊர்க்காரர்களைச் சும்மா விட்டுவிடுவார்கள், ஆனால் நீ ஹாங்காங் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றால் வெளியூர்க்காரி என்று மறிப்பார்கள். தோளில் நம் சாரோங் துணியைச் சுற்றிக்கொள், அப்படியும் கேட்டால் நம் பாஷையில் நாலு திட்டுத் திட்டு, சிரித்துக்கொண்டே வழிவிடுவார்கள். நம் பாட்டன் முப்பாட்டன் சாமிக்கு டிக்கெட் எதற்கு என்று நானும் கேட்டுவிட்டேன், அந்த டிக்கெட் பையன், எனக்கு மட்டும் தெரியுமா அக்கா, நானும் கூலிக்கு நிக்கிறவன்தானே என்கிறான். அவனை என்ன சொல்ல.

முக்கியமான விஷயம், நான் இந்தத் தடவை எரிமலையின் வாய்க்குள்ளே இறங்கப் போவதில்லை. பதினோரு வருஷம் அந்தச் சரிவில் மூங்கில் கம்பில் வலையைக் கட்டிக்கொண்டு, கந்தகப் புகையில் கண் எரிய, மேலே விளிம்பில் நிற்பவர்கள் சாமிக்குக் காணிக்கையாக எறிவதை எட்டிப் பிடித்திருக்கிறேன். அவர்கள் எறிந்த முட்டைக்கோஸில் நீ வளர்ந்தாய், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, கையகல நிலம் வைத்திருப்பவள் வேறு என்ன செய்வாள். நம்மைப் படம் பிடிக்கிறவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். போன வருஷம் சுரபாயா பட்டணத்திலிருந்து வந்த ஒரு கனவான் கோழியை எறிந்தார், நான் லாவகமாகப் பிடித்தேன், அவருடைய ஆள் படம் எடுக்கத் தவறிவிட்டானாம், அந்தக் கோழியைக் கொஞ்சம் மேலே குடுங்க, திரும்ப எறியணும் என்று கத்தினார். சாமிக்குக் குடுத்ததை சாமிகிட்டயே கேட்டு வாங்கிக்குங்க என்றேன். சரிவு முழுக்க வலைகள் சிரித்தன.

இந்த வருஷம் நாம் விளிம்பில் நின்று எறிகிறோம், சேவலும் தயார். சிவப்புக் கொண்டை, அப்பாவைவிடத் திமிர். என்னோடு வலை பிடிக்கும் கஸ்தாரி தினமும் வந்து அதைத் தூக்கி எடை பார்த்துவிட்டுப் போகிறான். அக்கா, படிக்கு எடப்பக்கமா எறிங்க, நான் அங்கதான் நிப்பேன் என்கிறான். பக்கத்து வீட்டு ஜுமாத்தி, அவன் கெடக்கான் நெட்டக்காலன், வலப்பக்கம் எறி, ஒரு கால் ஒனக்குக் குழம்பா வரும் என்கிறாள். இன்னும் எறியாத சேவலுக்காக இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. இது எம்மவ உசுருக்கு வேண்டினது, இத மட்டும் நெருப்புக்கு விடுங்களேன் என்று கேட்டுப் பார்த்தேன். ஜுமாத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பதினோரு வருஷமா அடுத்தவன் வேண்டுதலக் குழம்பு வெச்சுத் தின்னவளுக்கு, தன் வேண்டுதல் மட்டும் நெருப்புல விழணுமாக்கும் என்றாள். நியாயம்தானே. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது வேண்டுதலைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதை உனக்கு இதுவரை சொல்லவில்லை. நீ வேலைக்குப் போன அந்த முதல் வீட்டில் உன் பாஸ்போர்ட்டைப் பீரோவில் பூட்டி, உன்னை அடுப்படியில் படுக்க வைத்து, எட்டு மாதம் உன்னிடமிருந்து ஒரு வரி கூட வராமல் இருந்தபோது, நான் புரோமோவைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். எம்மவ அங்கேயிருந்து முழுசா வெளியே வந்தா, அவளே தன் காலால படியேறி, தன் கையால சேவல் எறிவா என்று. நீ வெளியே வந்துவிட்டாய். முந்தாநாள் பூசாரியிடம் நல்ல நேரம் கேட்கப் போனபோது இதைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, வேண்டுனது நீ, ஏறுறது அவளா, அந்தப் பொண்ணக் கேட்டியா என்றார். வீடு வரும் வழியெல்லாம் உன்னை ஹாங்காங்குக்கு அனுப்பிய ஏஜெண்டின் காகிதம்தான் கண்ணில் நின்றது. பதினேழு வயதை இருபத்தொன்று என்று அவன் எழுதினான், படிக்கத் தெரிந்த நான் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். நீ வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய், உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனைத் திட்டாத நாளில்லை, என்னை நான் திட்டிக்கொண்டதில்லை. அன்றைக்கும் உன் பேரில் நான் வாக்குக் கொடுத்தேன், வேண்டிக்கொண்டபோதும் உன் பேரில் நான்தான் கொடுத்தேன்.

ஆகவே வார்த்தினி, இந்தத் தடவை கேட்கிறேன். வருகிறாயா? அந்த ஒரு வாரம் அங்கேயே கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும், கடற்கரைக்குப் போக வேண்டும், ஊரையும் எங்களையும் கொஞ்ச நாள் பார்க்கப் பிடிக்கவில்லை என்றாலும் அது உன் லீவு. அப்படியென்றால் நானே படியேறி எறிந்துவிடுகிறேன், வேண்டியவளே எறிஞ்சா சாமி கணக்கு முடிஞ்சுது என்று பூசாரியும் சொல்லிவிட்டார், உன்மேல் எந்தப் பாக்கியும் இல்லை. வந்தால் என் சந்தோஷத்தை இந்தத் தெரு தாங்காது, அதை மறைத்து எழுதவும் எனக்குத் தெரியவில்லை.

பூட்ஸ் மாதிரி மூடின செருப்பு போட்டுக்கொள், குளிர் தண்ணீரில் தலை குளிக்காதே, எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. புரோமோ சாமி உன் கைகாலுக்குப் பலமும், உன் வாய்க்கு என் வாயைவிடக் கூடுதல் துணிச்சலும் தரட்டும். வருகிறேன், வரவில்லை, எதுவானாலும் பதிலின் முதல் வரியிலேயே எழுதிவிடு, இரண்டாம் வரி வரை காத்திருக்க உன் அப்பாவுக்கு நெஞ்சில் தெம்பில்லை.

உன் பதிலுக்குக் கட்டுப்பட்ட,
அம்மா துமினி