மணல் தொட்டியைத் தொங்கு கம்பிக்கு எதிரே மாற்றித் தரக் கோரி

அனுப்புநர்:
தையல்காரி, இரு குழந்தைகளின் தாய்,
பூங்காவுக்கு எதிர்க் குடியிருப்பு.

பெறுநர்:
பூங்காக் கண்காணிப்பாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: உடற்பயிற்சிப் பகுதிக்குக் குழந்தைகளுடன் வருவோர் மீதான தடையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்றரை. இரண்டாவது பேற்றுக்குப் பின் என் இடுப்பு விட்டுப்போயிற்று. தொட்டிலில் அழும் பிள்ளையைத் தூக்கவே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குனிவேன். "மாத்திரை எத்தனை நாளைக்கும்மா? உடம்பைத் தேத்துங்க" என்றார் மருத்துவர். கணவர் பேருந்து ஓட்டுநர், விடியுமுன் கிளம்பிவிடுவார். பிள்ளைகளை ஒப்படைக்க ஆளில்லாததால், இருவரையும் கூட்டிக்கொண்டே பூங்காவுக்கு வந்தேன்.

2. முதல் மாதம், தொங்கு கம்பியில் மூன்று எண்ணுவதற்குள் கை விட்டுவிடும். எண்ணுவது என் மகள். இருபதுக்கு மேல் அவளுக்கு எண் தெரியாது. எட்டு மாதத்தில் நாற்பது வரை தொங்குகிறேன். அவள் இருபதை இரண்டு முறை எண்ணுகிறாள். என்னைப் பார்த்து, கைப்பிள்ளைகளோடு பதினொருவர் சேர்ந்தனர். அவர்களுள் இரட்டைக் குழந்தைகளின் தந்தையும் ஒருவர். கூச்சத்தோடு வந்த அவருக்குத் 'தண்டால் அண்ணன்' என்று பெயரே வைத்துவிட்டோம்.

3. கடந்த மாதம் ஒரு காலை, நான் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கையில், நடைப்பயிற்சிக் கருவியின் இடுக்கில் என் மகன் விரலை விட்டுவிட்டான். நகம் பெயர்ந்தது. காவலாளி ஓடிவந்து தம் கைக்குட்டையால் கட்டினார். இப்போது புது நகம் முளைத்து வருகிறது. காண்போரிடமெல்லாம் நீட்டிக் காட்டுகிறான். அவன் மீதிருந்து கண்ணை எடுத்தது என் தவறு, மறைக்கவில்லை. மறுவாரமே தடைப் பலகை மாட்டப்பட்டது. "மேலிடத்து உத்தரவும்மா, நான் என்ன பண்ண?" என்ற காவலாளி மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

4. என்னால் பதினொருவருக்கு வழி அடைபட்டது. ஒருவரும் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. "உன் புள்ளைக்கு ஆனது என் புள்ளைக்கும் ஆகியிருக்கும், விடுக்கா" என்றாள் அவர்களுள் ஒருத்தியான தபால்காரி. திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

5. மணல் தொட்டி பூங்காவின் மறுகோடியில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் உள்ளது. அதனால்தான் பிள்ளைகள் கருவிகளுக்கு நடுவே விளையாட நேர்கிறது. தொட்டியைக் கம்பிக்கு எதிரே மாற்றி, இடுப்பளவு வேலி இட்டால் போதும். ஒருவர் மாற்றி ஒருவர் காவல் இருப்போம். மணல் மூட்டைகளையும் நாங்களே சுமந்து தருவோம். ஆள் வைக்க வேண்டாம்.

ஆகவே, தாங்கள் ஒரு காலை நேரில் வந்து பார்த்து ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். நடந்த தவறுக்குத் தண்டனை அவசியம் எனக் கருதினால், தடை எனக்கு மட்டும் நீடிக்கட்டும், மற்றவர்களுக்குத் திறந்துவிடுங்கள். எனக்கு வீட்டில் மூன்று மாடிப் படி இருக்கிறது. சுமந்து ஏற, இடுப்புக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நாள்: ஒன்பதாம் தேதி, செவ்வாய்
இடம்: பூங்கா வாயில்

பணிவுடனும், நிமிர்ந்த முதுகுடனும்,
(கையொப்பம்)
தையல்காரி

இணைப்பு: பதினொருவர் கையொப்பம்.