சூடேறாமல் அளந்த ரேடியோ

பாய், நீங்கள் அந்த வால்வைத் திருடவில்லை. திருடினீர்கள் என்று ஊர் நம்பியது என்னால்தான். அந்த லாட்ஜ் ரேடியோ இன்று என் மேசைமேல் திறந்து கிடக்கிறது. மெழுகு உருகிய வாடை அறையை விட்டுப் போகவில்லை. நீங்கள் மௌத்தாகி, மண்ணில் அடக்கமாகி நாற்பது நாள் ஆகிறது.

கடையில் நாம் இருவரும் பாதிப் பாதி. எழுபதுகளில், ஒரு கார்த்திகைத் தீப வாரத்தில், செங்கம் ரோடு லாட்ஜ்காரர் இதைக் கொண்டுவந்தார். ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வு, அந்தக் கண்ணாடிக் குழல், செத்திருந்தது. நீங்கள் புதிது போட்டுக் கொடுத்தீர்கள். பத்தே நாளில் அதுவும் போயிற்று. அவர் நம் கடை வாசலில் நின்று கத்தினார்: "புதுசுன்னு சொல்லி பழசைச் சொருகிட்டு, புதுசை வித்துட்டாரா உங்க பாய்?"

நான் உங்களைக் கேட்கவில்லை, மீட்டரைக் கேட்டேன். வேறொரு வால்வைப் போட்டு, செட் பாட ஆரம்பித்ததுமே அளந்தேன். வால்வின் பிளேட்டில் சரியாக இருநூற்றைம்பது வோல்ட். வோல்டேஜ் இருக்கக் கூடாத கிரிட்டில் சைபர். "செட்டுல கோளாறு இல்லீங்க," என்றேன். மீதியை அவரே புரிந்துகொண்டார்.

"அண்ணே, அரை மணி ஓடட்டும். சூடானப்புறம் அளங்க," என்றீர்கள் நீங்கள்.

"எனக்கே பாடமா? எவன்கிட்டயும் கைகட்டி நின்னு கத்துக்கிட்டவன் இல்ல நான்."

"அதான் தெரியுதே," என்று சிரித்தீர்கள். சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. ஆரணியில் கடிகாரம் ரிப்பேர் செய்வதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம் நீங்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

சீக்கிரமே ரேடியோ மறுபடி ஊமையாகி லாட்ஜ் மூலைக்குப் போனதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது அங்கே தங்கும் வெள்ளைக்காரர் ஒருவர் அந்தப் பழைய ரேடியோ பாட வேண்டும் என்கிறாராம், லாட்ஜ்காரர் ரிப்பேருக்கு அனுப்பியிருந்தார். இன்று காலை இன்னொரு வால்வு போட்டு ஓடவிட்டேன். உங்கள் நினைப்பில் அணைக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அரை மணியில் வால்வுக்குள் தகடு சிவந்தது. அளந்தேன். கிரிட்டில் பன்னிரண்டு வோல்ட். அதை ஒட்டிய மெழுகு பூசிய கண்டன்சர், சூடானதும் கரண்ட்டைக் கசியவிடுகிறது, பாய். எந்தப் புது வால்வையும் கொன்றிருக்கும்.

மத்தியானம் லாட்ஜ்காரரிடம் சொன்னேன். "ஆளே போயாச்சு, இப்ப எதுக்குங்க?" என்றார். விடமாட்டேன். எந்த வாசலில் கத்தினாரோ அங்கேயே, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்க, தப்பு என்று அவர் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என் தப்பை நான் சொல்ல வேண்டும். இருவரும் ஆரணிக்குப் போய் உங்கள் மகளிடம் சொல்ல வேண்டும். அவள் கதவைத் திறக்காவிட்டால் அவர் பஸ் ஏறிக்கொள்ளலாம். நான் நிற்க வேண்டும்.