பகலில் ஆளில்லாத சரிவு

மார்ச் 4

எழுதி வைக்கிற அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடக்கவில்லை, மன்னிக்கவும். ஆனால் அலுவலகத்தில் எனக்கு வாய் வராது. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள். வேறு எங்கே போய்ச் சொல்ல?

காட்டுத்தீ வந்தால் ஊரை எந்தச் சாலை வழியாக, எவ்வளவு நேரத்தில் வெளியேற்றுவது என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. இன்று பகல் நேரத்துத் தீயை ஓட்டினோம். வீடுகளிலிருந்து பச்சைப் புள்ளிகள் சாலைக்கு இறங்கின. கிழக்குச் சரிவில் ஒரு புள்ளிகூட இல்லை. "சூப்பர், அந்தப் பக்கம் தலைவலியே இல்ல" என்றார் அதிகாரி. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

அந்தச் சரிவில்தானே அம்மா பழம் பேக் செய்யும் ஷெட்?

மார்ச் 5

கண்டுபிடித்துவிட்டேன். ஆட்களை அவரவர் வீட்டு முகவரியில் வைத்திருக்கிறோம். ஷெட்டில் யாரும் குடியிருப்பதில்லை. அதனால் அங்கே ஆளே இல்லை! வேன் காலையில் பெண்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கீழே வந்துவிடும். சாயங்காலம்தான் மறுபடி போகும். நடுவில் தீ வந்தால்? வீட்டுக்கொரு கார் என்று வேறு போட்டிருக்கிறோம். எங்கள் கணக்கில் அம்மா பகலெல்லாம் வீட்டில் இருக்கிறாள், இல்லாத காரில் ஏறித் தப்பித்தும் விடுகிறாள்.

சொல்ல எழுந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 6

இன்றும் சொல்லவில்லை. காற்று பலமாக அடிக்கிறது. வீட்டின் முதல் பட்டதாரி என்று அம்மா ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறாள். சீ, நானெல்லாம்—

மார்ச் 9

சொல்லிவிட்டேன்.

"திட்டம் கையெழுத்துக்குப் போற நேரத்துல ஏம்மா குட்டையைக் குழப்புற? அப்புறம் பாக்கலாம்" என்றார் அதிகாரி.

"அப்புறம்னா எப்ப சார்? எரிஞ்சதுக்கு அப்புறமா?"

என் குரலா அது! பக்கத்து சீட் அக்கா, "அட, நம்ம ஊமைக்கோட்டான் பேசுது!" என்றாள். அதிகாரி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, ஆளுங்களை அங்க வச்சு ஓட்டிக் காட்டு."

காட்டினேன். நடந்து இறங்கிய புள்ளிகள் பாதி வழியில் இருக்கும்போதே தீயின் சிவப்பு அவற்றைத் தாண்டிப் போனது.

"உனக்கு அங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எங்கம்மா, சார்."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மார்ச் 10

"நாளைக்கு லீவு போடும்மா" என்று வீட்டில் அம்மாவிடம் கெஞ்சினேன்.

"போட்டா மறுநாள் என் இடத்துல வேற ஒருத்தி நிப்பா. உன் கம்ப்யூட்டரா எனக்கு வேலை குடுக்கும்? போய்ச் சாப்பிடு."

மார்ச் 13

காற்று பலமாக அடிக்கும் நாட்களில் வேன் மேலேயே நிற்க வேண்டும் என்று திட்டத்தில் ஏறிவிட்டது. "காலையிலேர்ந்து வேன் ஷெட் வாசல்லயே நிக்குது, டிரைவர் குறட்டை விடுறான். எந்தப் புண்ணியவான் யோசனைடி இது?" என்று அம்மா சிரிக்கிறாள்.

ஒரே வேன்தான் கிடைத்தது. எல்லோரையும் இறக்க இரண்டு ட்ரிப் வேண்டும். அதையும் ஓட்டிப் பார்த்தேன். முதல் ட்ரிப் தப்பிக்கிறது. இரண்டாவது தப்பிப்பது, காற்று திரும்பாவிட்டால்தான்.

எனக்கு அம்மாவைத் தெரியும். "நீங்க ஏறுங்கடி" என்று மற்றவர்களைத் தள்ளி ஏற்றிவிட்டு நின்றுகொண்டிருப்பாள். அங்கே இருப்பவர்களும் யாரோ ஒருத்தியின் அம்மாதான். திட்டம் போடுகிறவள் இதைக் கேட்கலாமா? கேட்கக் கூடாது என்றுதான் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்க் கேட்டே விட்டேன்.

"அம்மா, முதல் ட்ரிப்லயே நீ ஏறிடு."