பெட்டிக்குள் இடம் மாறிய நீலம்

அன்பு மகளுக்கு,

எல்லோரும் சுகம் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும். எழுதிவிட்டேன். இந்த நிமிடம் அது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே இது தூங்கும் நேரம். இங்கே பள்ளிக்கூடம் விட்டாகிவிட்டது. உன் அப்பா காலம் தப்பிப் பிறந்த நம் கடைக்குட்டி வாலுவை அழைத்துவரக் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், கோபத்தோடு போனார், இன்னும் வரவில்லை. கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டிருந்ததற்கு முதலில் பதில். கொவாஷ் காய்ந்ததும் நிறம் மாறுகிறது என்று புலம்பியிருந்தாய், அது உன் தப்பில்லை, அடியை மறைக்கிற அந்தக் கெட்டி வண்ணத்தின் குணம். வெளிர் நிறம் காய்ந்தால் ஒரு படி இருண்டுபோகும், அடர் நிறம் ஒரு படி வெளுக்கும். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதே. துண்டுத் தாளில் ஒரு பட்டை அடித்துக் காயவிட்டுப் பார்த்த பிறகு படத்தில் கை வை. வெடிப்பு விழுகிறது என்றால் நீ கெட்டியாக அப்புகிறாய் என்று அர்த்தம், பாலேட்டுப் பதத்துக்கு மேல் போகக் கூடாது. மேல்பூச்சு ஒரே இழுப்பில் முடிய வேண்டும், திரும்பத் திரும்பத் தேய்த்தால் அடியில் இருப்பது கரைந்து மேலே வந்துவிடும். அப்பாவிடம் கேட்டால் கொவாஷையே தூக்கிப் போடச் சொல்வார். நம் வீட்டில் நடக்கிற சண்டை உனக்குத் தெரியும், சமையலறை மேசையில் ஜன்னல் பக்கம் அவருடைய நீர்வண்ணம், அடுப்புப் பக்கம் என்னுடைய கொவாஷ். நான் பூசுவதைப் பார்த்தால் போதும், "என்ன, இன்னிக்குச் சுண்ணாம்பு எந்தச் சுவருக்கு?" என்பார். நீர்வண்ணத்தில் தப்பு செய்தால் மறைக்க முடியாது, தாளின் வெள்ளைதான் வெளிச்சம், அதை விட்டுவைக்கத் தெரிந்தவன்தான் ஓவியன் என்பது அவர் கட்சி. தப்பு செய்கிற மனுஷிக்கு மேலே பூச ஒரு வண்ணம் வேண்டாமா என்பது என் கட்சி.

வாசலில் ஒரு வண்டிச் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். வேறு யாரோ.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்குக் கண் சரியில்லை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாமல் தினமும் இரண்டு வேளை குழந்தையை வண்டியில் வைத்து ஓட்டுகிறார்.

மழைக்காலம் முடிந்த சமயம் தொடங்கியது. ஒருநாள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "நீலம் செத்துப்போச்சு" என்றார். கம்பெனிக்காரன் கலப்படம் செய்கிறான், முன்பு வந்த நீலம் இப்போது வருவதில்லை என்றார். விளக்கைக் குறை சொன்னார், தாளைக் குறை சொன்னார், குழாய்த் தண்ணீரில் உப்பு என்றார். பிறகு கடைக்குப் போய்ச் சண்டை. நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் அதே குழலைத் திறந்து ஒரு தாளில் இழுத்துக் காட்டினார். கண்ணைப் பறிக்கிற நீலம். "சார், இதுக்கு மேல நீலம் வேணும்னா வானத்துலதான் ஆர்டர் கொடுக்கணும்" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அந்தத் தாளைக் கையில் வாங்கி, தெரு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இதையா சொல்றீங்க?" என்றார். நான் கடைக்காரரைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்தது மட்டும் தெரிந்தது.

வரைபட அலுவலகத்தில் ஆயுசு முழுக்க ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் நீலம் போட்ட மனிதர். அதனால்தான் எனக்கு முதலில் சந்தேகமே வரவில்லை, நிஜமாகவே கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று நானும் நினைத்தேன். பிறகு ஒருநாள் என் கொவாஷ் நீலத்தைத் தட்டில் பிதுக்கிவிட்டுப் பக்கத்தில் அவர் நீலத்தைப் பார்த்தேன். இரண்டும் உயிரோடுதான் இருந்தன.

போன வாரம் வண்டியில் முன்சீட்டில் நான். பாலத்தை ஒட்டிய திருப்பம், சாயங்கால வெளிச்சம் எதிரே. கருப்பு உடையில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தாள். நான் பார்த்துவிட்டேன், அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் கத்தினேன். வண்டி நின்றபோது அந்தப் பெண் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் வாலு பாட்டை நிறுத்திவிட்டு, "அம்மா, ஏன் கத்துன?" என்றாள். "நான் பார்த்துட்டேன்" என்றார் அப்பா, "நீ பக்கத்துல உக்காந்து கூச்சல் போட்டா யாருக்குன்னாலும் கை தடுமாறும்." அவர் பார்க்கவில்லை. என் குரலைக் கேட்டுத்தான் கால் பிரேக்குக்குப் போனது. வீட்டுக்கு வந்து கண் டாக்டரிடம் காட்டலாம் என்றேன். கண்ணாடி மாற்றி ரொம்ப நாளாகவில்லை என்றார். குழந்தையை நான் பஸ்ஸில் அழைத்துவருகிறேன் என்றேன். "என்னை வீட்ல உக்கார வெச்சுட்டு?" என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கென்று இருப்பது இரண்டே காரியம், படமும் வாலுவின் பள்ளிக்கூடமும். எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

இன்று காலை அவர் குளிக்கப் போனபோது அவருடைய வண்ணப் பெட்டியைத் திறந்தேன். உனக்கு அந்தப் பெட்டி தெரியும், சின்னச் சின்னக் குழிகளில், குழலிலிருந்து பிதுக்கிக் காயவைத்த கட்டி வண்ணங்கள். எந்த நிறம் எங்கே என்பது அவர் கைக்கு மனப்பாடம், பார்க்க மாட்டார், தட்டச்சு அடிக்கிறவர் விசையைப் பார்க்காத மாதிரி. காய்ந்த கட்டியாக இருக்கும்போது நீலமும் ஊதாவும் எனக்கே ஒரே கறுப்பாகத்தான் தெரியும். இரண்டையும் நெம்பி எடுத்து இடம் மாற்றி வைத்தேன். சூழ்ச்சிதான். ஆனால் கேள், துண்டுத் தாளில் ஒரு கோடு இழுக்காமல் அவர் எதையும் படத்துக்குக் கொண்டுபோக மாட்டார். அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிட வேண்டும். "எவ என் பெட்டியைத் தொட்டது?" என்று வீடு அதிர வேண்டும். இவ்வளவு ஆசையாக நான் ஒரு திட்டுக்குக் காத்திருந்ததில்லை.

அடுப்பில் எதையோ கிண்டுகிற மாதிரி நின்றுகொண்டேன். அவர் தாளை நனைத்தார், பலகையில் நான்கு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டினார், ஈர மினுமினுப்பு அடங்கக் காத்திருந்தார். தூரிகை அந்தக் குழிக்குப் போனது. துண்டுத் தாளில் ஒரு கோடு. அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு சொன்னார், "இன்னிக்கு நீலம் பரவாயில்ல."

என் கையில் கரண்டி. கிண்ட வேண்டும் என்று தோன்றவில்லை.

வானம் முழுக்க ஊதா. மேலிருந்து கீழே ஒரே பூச்சு, ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை, அந்தக் கை இன்னும் அப்படியே இருக்கிறது. ஆறும் ஊதா. முடித்துவிட்டுப் பலகையைத் தூக்கிப் பிடித்து எப்படி என்று கேட்டார். மத்தியானம் நிதானமாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வாய் முந்திக்கொண்டது. "வானம் ஊதாவா இருக்குங்க" என்றேன். "அச்சகத்துல பிழை திருத்துற புத்தி வீட்டுக்கும் வந்துடுச்சா?" என்று சிரித்தார். நான் பெட்டியை நகர்த்தி, இடம் மாற்றியதைச் சொல்லி, துண்டுத் தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பட்டை அடித்தேன். எது நீலம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். விரலை ஒன்றின் மேல் வைத்தார். எடுத்தார். மற்றதன் மேல் வைத்தார். அங்கேயும் நிற்கவில்லை.

பிறகுதான் கோபம். "என் பெட்டியில கைய வெச்சுட்டு எனக்கே பரீட்சையா? ஆறு என்ன கலர்னு நீ சொல்லித் தர்றியா எனக்கு?" என்றார். பள்ளிக்கூடம் விடும் நேரம் வரை சாப்பிடவில்லை. கிளம்பும்போது நான் கதவின் முன்னால் நின்றேன், நான் போய் அழைத்துவருகிறேன், இன்று ஒருநாள் என்றேன். "நகரு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் நகர்ந்தேன். அதுதான் இப்போது நெஞ்சில் நிற்கிறது. படத்தைப் பலகையோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார், ஏன் என்று புரியவில்லை. போனை மேசையிலேயே விட்டுவிட்டார். நான் அழைத்தேன், தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் அது அதிர்ந்தது.

பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் பேசினேன். அப்பா வந்து அழைத்துக்கொண்டு போய் வெகுநேரம் ஆகிறது என்றார்கள். வண்டியில் வர அவ்வளவு நேரம் ஆகாது. மறுபடி பேசினேன், யாரும் எடுக்கவில்லை. தெருக்கோடியில் ஒரு ஆம்புலன்ஸ் போனது, அது எந்தப் பக்கம் போகிறது என்று சத்தத்தை வைத்துப் பின்தொடர்ந்தேன், பாலத்துப் பக்கம் இல்லை, பிறகு பாலத்துப் பக்கமோ என்று தோன்றியது. மகளே, தூரிகையை ஜாடியில் முடி கீழே இருக்கும்படி நிற்கவிடாதே, முனை வளைந்தால் திரும்பாது. கழுவ ஒரு ஜாடி, வண்ணம் கரைக்க ஒரு ஜாடி, இரண்டு ஜாடி வைத்துக்கொள். என்ன எழுதுகிறேன் என்று பார்க்கிறாயா. நிறுத்தினால் மறுபடி வாசலுக்குத்தான் ஓடுவேன்.

வருகிறார்கள். நடந்து வருகிறார்கள்.

பேனாவை வைத்துவிட்டு ஓடினேன், இப்போதுதான் திரும்ப உட்கார்கிறேன். தெரு முனையில் அவர் தோளில் புத்தகப் பை, வாலுவின் கையில் அந்தப் பலகை. இருவர் மேலும் ஒரு கீறல் இல்லை. அவர் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார். இவள்தான் மூச்சுவிடாமல் சொன்னாள்: "அம்மா, கார் ஸ்கூல்லயே நிக்குது. அப்பா இந்தப் படத்தைக் காட்டி, யோசிக்காம சொல்லு, வானம் என்ன கலர்னு கேட்டாரு. ஊதான்னேன். தண்ணி? அதுவும் ஊதான்னேன். உங்கம்மா சொல்லிக்கொடுத்தாளான்னாரு. இல்லப்பா, பார்த்தாலே தெரியுதேன்னேன். அப்புறம் கார்ல ஏறி ரொம்ப நேரம் சும்மாவே உக்காந்திருந்தோம்மா. சாவிய போட்டாரு, எடுத்தாரு. இறங்குடி, நடக்கலாம்னுட்டாரு. எனக்குக் கால் வலிக்குது, பாலத்துல காத்து சூப்பர்." வாசற்படியிலேயே அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "விடும்மா, வேர்க்குது" என்றாள்.

அப்பா கை கழுவிவிட்டு மேசைக்கு வந்தார். நான் தண்ணீர் வைத்தேன், குடித்தார். வண்டியை உன் சித்தப்பா போய் எடுத்துவரட்டும் என்றார். நாளைக் காலை கண் டாக்டரிடம் போகலாம், பஸ்ஸில் போகலாம் என்றார். நான் சரி என்றதோடு நிறுத்திக்கொண்டேன். கண்புரையாகத்தான் இருக்கும், அறுவை செய்தால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரிந்ததைக்கூடச் சொல்லவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார், "பெரியவ வீட்டுக்கு ஒரு கடல் போட்டு அனுப்பினேனே, நீலம் எடுக்கலேன்னு எதெதையோ கலந்து. அதுவுமா?"

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. உன் புதுவீட்டுக்கு என்று அவர் அதை வரைந்த வாரம் நான் அச்சகமே கதியென்று கிடந்தேன், சட்டம் போட்டுத் தாள் சுற்றிய பிறகுதான் கையில் வாங்கினேன். "அவளைக் கேளு" என்றார். "எனக்காகப் பூசி மெழுக வேணாம்னு சொல்லு."

அதனால் கேட்கிறேன். இது கையில் கிடைத்த மறுநாள் காலை, விளக்கைப் போடாமல், திரையை விலக்கி, பகல் வெளிச்சத்தில் அந்தப் படத்தின் முன்னால் நின்று கடல் என்ன நிறம் என்று பார். போட்டோ எடுத்து அனுப்பாதே, போனில் நிறம் பொய் சொல்லும். எழுது. எனக்கு இல்லை, அவருக்கு எழுது, நான் படித்துக் காட்டுகிறேன். ஊதா என்றால் ஊதா என்று எழுது. பக்கத்திலேயே "ஆனாலும் அழகாக இருக்கிறது" என்று சேர்க்காதே, அதுதான் அவருக்கு வலிக்கும். அவருக்குப் பயம் அறுவைக் கத்தியைப் பார்த்து இல்லை என்று இப்போது புரிகிறது. கண்கட்டை அவிழ்த்த பிறகு, இந்த வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் தன் படங்கள் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் அவரே சொல்லச் சொன்னார், அது எந்த நிறமாக இருந்தாலும் நீ அதைச் சுவரிலிருந்து இறக்கக் கூடாதாம், அவர் அங்கே வந்து தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நிற்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீடூழி வாழ வேண்டும். எழுத மறந்துவிடாதே, அவர் காத்திருக்கிறார்.

உன் நலம் ஒன்றையே வேண்டும்,
அம்மா