மேசைக்கடியில் தேடிய பட்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. போன வாரம் எங்கள் சலவைக்கூடத்தில் யாரோ ஒரு ஆள் கத்தினான். அடிக்க வருமுன் உன் மருமகன் போடும் சத்தம் மாதிரியே இருந்தது. நாற்பத்தேழு வயதில் இஸ்திரி மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மேற்பார்வைக்காரி குனிந்து, "அக்கா, அங்க என்ன பண்றீங்க?" என்றாள்.

"பட்டன் தேடுறேன்."

பாவம், அவளும் தவழ்ந்து வந்து தேடினாள். கடைசியில் என் சட்டைப் பட்டனையே பிய்த்து, "கிடைச்சிடுச்சு" என்றேன்.

பயம் மெதுவாகத்தான் போகும் என்கிறார் மனநல டாக்டர். மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது, கவலைப்படாதே. திட்டியாவது இரண்டு பக்கம் பதில் எழுது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உன் மருமகனை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்து கேட்டால் என் விலாசத்தைக் கொடுத்துவிடாதே. இதுவரை ஒரு தடவையாவது கேட்டாரா என்று மட்டும் எழுது.

உன் பெரியவள்