மூன்று விரல் கீழே

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். உங்கள் முழங்காலும், அதற்கு மேலே உள்ள நீங்களும் நலமா? நீங்கள் எழுதிய ஆறு வரிக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மருமகள்தான் கீழேயிருந்து எடுத்து வந்து, "மாமா லவ் லெட்டர் போட்டிருக்காரு அத்தை" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவருக்கு வளைவு நெளிவெல்லாம் ரோட்டில்தான், எழுத்தில் கிடையாது. இருந்தாலும் ஏழெட்டு முறை படித்துவிட்டேன்.

முதலில் உங்கள் சந்தேகம். மகள் வீட்டில் கிளாடியோலஸ் பூச்செடியின் கிழங்கை ஒரு விரல் ஆழத்தில்தான் வைத்தேன், இரண்டு வருடம் கழித்து மண் மாற்றத் தோண்டினால் நாலு விரல் ஆழத்தில் கிடக்கிறது, பெரிய பேத்திதான் அமுக்கியிருப்பாள் என்று அவளைத் திட்டினேன் என்கிறீர்கள். பாவம், அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். யாரும் அமுக்கவில்லை. அதுவாகவே போனது.

அதைவிட ஒன்று சொல்லட்டுமா? நீங்கள் நட்ட கிழங்கே இப்போது அங்கே இல்லை. அது வேர் இல்லை, உப்பிய அடித்தண்டு. நான் டீச்சராக இருந்த நாளில் வகுப்பில் கந்தம் என்று சொல்லிக்கொடுப்போம். தன்னிடம் இருப்பதையெல்லாம் இலைக்கும் பூவுக்கும் கொடுத்துவிட்டு, பருவம் முடியும்போது சட்டைப் பொத்தான் மாதிரி வற்றிப் போகும். அதன் தலைமேலேயே புதிய கிழங்கு ஒன்று உருவாகியிருக்கும். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த காய்ந்த வில்லையை அழுக்கு என்று பிய்த்துப் போட்டிருப்பீர்களே, அதுதான் போன வருடத்துக் கிழங்கு.

சரி, வருடத்துக்கு ஒரு மாடி கட்டிக்கொண்டே போனால் ஒருநாள் மண்ணுக்கு வெளியே வந்துவிடாதா? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வகுப்பில் அரை நிமிடம் சும்மா நிற்பேன். யாராவது ஒருத்தி, "அப்ப யாரோ கீழ இழுக்கணும் டீச்சர்" என்பாள். அதேதான். புதிய கிழங்கின் அடியிலிருந்து தடித்த வெள்ளை வேர்கள் சில இறங்கும். நீர் குடிக்கிற மெல்லிய வேர்கள் வேறு, இவை வேறு. ஆழப் போய் மண்ணைப் பிடித்துக்கொண்டு, பிறகு சுருங்கும். எலாஸ்டிக் வைத்துத் தைத்த இடுப்புத் துணி மாதிரி அவற்றின் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். சுருங்கச் சுருங்கக் கிழங்கு கீழே இறங்கும். வெளிச்சமும் வெயிலும் எட்டாத ஆழம் வந்தால்தான் நிற்கும். மேலே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இலைகள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். பூக்கள் தண்டின் அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அழகாக இருக்கிறது என்பார்கள்.

சேற்றில் மாட்டிய லாரியைக் கயிறு கட்டி இழுப்பதைத்தான் இதற்கு உதாரணமாகச் சொல்வேன். இன்று பாடம் எடுத்தால் வேறு உதாரணம் சொல்வேன்.

நீங்கள் மகள் வீட்டுக்குப் போனபோது, இரண்டு மாதத்துக்கு என்று நாலு செட் துணியோடு இங்கே மகன் வீட்டுக்கு வந்தேன். பிரசவம் முடிந்தது. பிறகு மருமகளின் விடுப்பு முடிந்தது. பிறகு காப்பகத்தில் இடமில்லை. பிறகு இங்கே பிறந்த சின்னப் பேத்திக்குப் பல் முளைத்தது, காய்ச்சல் வந்தது. என் கட்டில் தொட்டிலுக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் இருக்கிறது. அலமாரியைத் திறக்க வேண்டுமானால் நான் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். ஒன்பதாவது மாடி. குழந்தை விழுந்துவிடக் கூடாது என்று ஜன்னலை ஒரு சாண்தான் திறக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். லிப்டைத் திறக்கிற அட்டை மகன் பையில் இருக்கிறது. இவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. "நீங்க இல்லைன்னா இந்த வீடே நின்னுபோயிடும் அத்தை" என்கிறாள் மருமகள். அப்படிச் சொல்கிறவளிடம் என்னவென்று வாயைத் திறப்பது?

போனில் உங்களிடமும் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனை மேஜை நடுவில் வைத்து, இரண்டு வீட்டாரும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசுவது? "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் கடிதம். எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்றார். சனிக்கிழமைக்குள் கிடைத்துவிடுமாம்.

இத்தனையும் எழுதியது உங்கள் ஆறாவது வரிக்கு வரத் தைரியம் தேடித்தான். "நம் வீட்டை வாடகைக்கு விட நீ சம்மதித்ததாக மகள் சொன்னாள், நீ அங்கேயே இருக்கப் பிரியப்பட்டால் சரி, முதல் தேதி கையெழுத்துப் போடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் எங்கே சம்மதித்தேன்? போன மாதம் மகன் வந்து, "அப்பாவுக்கு அங்க பிள்ளைங்களோட இருக்கறதுதான் பிடிச்சிருக்காம்மா, வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்னு அவரே சொல்லிட்டாரு" என்றான். "அவருக்குச் சரின்னா எனக்கென்னப்பா" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. நீங்களும் மகளிடம் இதையேதான் சொல்லியிருப்பீர்கள். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. நாம்தான் ஒருவர் தலையில் ஒருவர் சம்மதத்தைக் கட்டிவிட்டோம். டீ வேண்டுமா என்று கேட்டால் "உனக்குப் போட்டா எனக்கும்" என்று நாற்பது வருடம் சொல்லிப் பழகிவிட்டோம். டீயோடு போகட்டும். வீடுமா?

எனக்குச் சம்மதமில்லை. எனக்கு நம் வீட்டுக்குப் போக வேண்டும், உங்களோடு. பேத்தியை மறந்துவிட மாட்டேன். கூப்பிடும்போது வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன். ஒருவேளை உங்களுக்கு அங்கேதான் உண்மையிலேயே சந்தோஷமோ என்கிற பயமும் எனக்கு உண்டு. அப்படியென்றால் அதை உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் தாங்கிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "என்னங்க, நம்ம வீட்டுக்கு எப்பப் போறோம்?" என்று கேட்கப்போகிறேன். மகள் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அப்போது தயவுசெய்து "உன் இஷ்டம்" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு தேதி சொல்லுங்கள். ஆறு மாதம் தள்ளியிருந்தாலும் பரவாயில்லை. அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

படிகளில் பார்த்து இறங்குங்கள். பேத்திகளுக்கு என் முத்தம். கடவுள் உங்கள் உடம்பையும் நாக்கையும் திடமாக வைக்கட்டும்.

தேதிக்குக் காத்திருக்கும்
உங்கள் மனைவி