கோழிக்கூட்டு பல்ப்

ஜனவரி 20, செவ்வாய்

கோழிகள் முட்டையிடுவது ஏன் குறைந்தது என்று இன்றுதான் தெரிந்தது. கரண்ட் பில் ஏறுகிறதென்று மாமியார் தினமும் பொழுது சாய்ந்ததும் கூட்டு பல்பை அணைத்து வந்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போலப் பொறுமையாகத்தான் சொன்னேன். "அத்தை, பறவைங்களுக்கு வெளிச்ச நேரம் நீண்டாத்தான் மூளையில தைரொயிட் ஹார்மோன் வேலை செய்யும். அதுக்கப்புறந்தான் சூலகம் வளந்து முட்டை வரும்."

அடுத்த லயத்து வீடுகளுக்கே கேட்கும்படி பதில் வந்தது. "நீயுந்தான் தெனமும் தைரொயிட் மாத்திர முழுங்குற. என்னத்தக் கண்டோம்? கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒரு புள்ள உண்டா?"

என் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஹார்மோன் சரியாகிவிட்டது, இனி அவரைத்தான் பரிசோதிக்க வேண்டும் என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னபோதும் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

இன்று அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கூட்டு பல்பைப் போட்டார்.

"இனிமே அணைக்காதீங்கம்மா. கோழி என்ன செய்யும், பாவம்" என்றார்.

கோழிக்காக வாய் திறந்தார்.